கதவில் யாரும் கை வைக்கக் கூடாது

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது நாற்பத்து மூன்று. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் மூத்த மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டால் என்னைத்தான் முதலில் அனுப்புவார்கள். அதனால் என் நண்பர்கள் எனக்கு 'லிஃப்ட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. எண்ணெய்க் குழாய்ப் பாதையோரக் காவலாளி அறையில் நடந்தது பற்றி உதவி ஆய்வாளர் அவர்கள் விசாரித்தபோது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கீழ்க்கண்டபடி சொல்கிறேன்.

பயணத்தில் நாங்கள் நான்கு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், அவரை வாத்தி என்போம். இன்னொருவர் மருத்துவமனையில் ஆண் செவிலியர், அவர் பெயர் ஊசி. மூன்றாவது ஆள் இறந்துபோனவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர், பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளை ஆனார். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார், வாடா போடா மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. இந்த வாக்குமூலத்தில் அவரை மாப்பிள்ளை என்றே குறிப்பிடுகிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் சைக்கிளில் நீண்ட பயணம் போவது வழக்கம். இந்த வருஷம் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து மறுபக்கத்து ஊருக்குப் போவதாக முடிவானது. யோசனை வாத்தியுடையது. அவருக்கு அவ்வப்போது மூச்சிரைப்பு வரும் என்பதால் ஊசி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, காற்று உலர்ந்த இடம் மூச்சுக்கு நல்லது என்று வாத்தி எங்கேயோ படித்ததை எடுத்துவிட்டு எல்லோர் வாயையும் அடைத்தார். என் தங்கை மாப்பிள்ளையின் பையில் சாமான் எடுத்து வைத்தபோது என்னைப் பார்த்து, 'உன்ன நம்பித்தாண்ணா அனுப்புறேன்' என்றாள். எல்லாப் பயணத்துக்கும் அவள் அப்படித்தான் சொல்வாள். நானும் எப்போதும்போல் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு, அதற்கு வாசல் முறை என்று பெயர். தங்கின இடத்தை விட்டுக் கிளம்பும்போது ஒருவர் கடைசி ஆளாக நிற்க வேண்டும். கூடாரத்தை மடிப்பது, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது, யாராவது எதையாவது மறந்திருக்கிறார்களா என்று சுற்றி வருவது, கதவு இருந்தால் சாத்துவது எல்லாம் அன்றைக்கு முறை வந்தவருடைய வேலை. காலைக் குளிரில் மற்ற மூன்று பேரும் சைக்கிள் மேல் உட்கார்ந்து கிண்டல் செய்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் அந்த முறை பிடிக்காது. யாருக்கு எப்போது என்பது கிளம்பும் முன்பே வரிசையாகப் பேசி வைத்தது.

அதன் பிறகு வழியில் ஒரு நாள் ஊசியின் முட்டி வீங்கியதால் ஓய்வு எடுத்தோம். அன்று மாப்பிள்ளையின் முறை. எங்கும் கிளம்பாததால் அவருக்கு ஒரு வேலையும் இல்லை, நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். மறுநாள் காலையில் தன் முறை முடிந்துவிட்டது, அடுத்த ஆள் வரட்டும் என்று சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓய்வு நாள் கணக்கில் வராது என்பது என் வாதம். வரும் என்பது அவர் வாதம். அவருக்கு அடுத்த முறை என்னுடையது என்பதால் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து கூடாரத்தை மடித்தோம், அடுத்த நாளும் அப்படியே, தகராறு தீராததால் வரிசை எங்கள் இருவரிடமே நின்றுபோனது. வழி நெடுக இதே சண்டைதான். மேட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட அவர் பின்னாலிருந்து, 'ஓய்வு நாளும் நாள்தான்டா' என்று கத்துவார். வாத்தியை நடுவராக வைத்தோம், கணக்கு வாத்தியாராக இருந்தும் அவரால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

சம்பவ நாளன்று எண்ணெய்க் குழாயை ஒட்டிய மண் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். கனரக வண்டிகள் ஓடி ஓடிப் பாதை துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாகக் கிடந்தது. அந்தக் குலுக்கலில் மாப்பிள்ளையின் சைக்கிள் கேரியரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளும் முறிந்து, பைகளோடு கேரியர் சக்கரத்தின் மேல் சரிந்துவிட்டது. கயிற்றால் கட்டி உருட்டிக்கொண்டே வந்தோம். மதிய வெயில் ஏறிய நேரத்தில் மேற்படி காவலாளி அறை கண்ணில் பட்டது. குழாய்க்காரர்கள் எப்போதோ கைவிட்டுப் போன ஒற்றை அறை. சிமெண்ட் கல் சுவர், சிமெண்ட் கூரை, ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டி உயரத்தில் ஒரு காற்று ஜாலி மட்டும். கதவு கனமான இரும்புக் கதவு, உள்பக்கமாகத் திறக்கும். கீல்கள் பற்றவைக்கப்பட்டவை. கதவின் வெளிப்பக்கம் ஒரு தடித்த தாழ்ப்பாளும் உள்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாளும் இருந்தன. சைக்கிள்களை அறைக்குப் பின்னால் நிழலில் சாய்த்துக் கட்டிவிட்டு, தண்ணீர்ப் பைகளையும் பாய்களையும் மட்டும் உள்ளே எடுத்துப் போய் உட்கார்ந்தோம்.

எனக்குச் சும்மா உட்கார வராது. உள் தாழ்ப்பாள் இரண்டு போல்ட்டில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன், அளவு கேரியருக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. கருவிப் பையை எடுத்து வந்து அந்த இரண்டு போல்ட்டையும் நட்டோடு கழற்றினேன். தாழ்ப்பாள் என் கையோடு வந்துவிட்டது, அதை மூலையில் போட்டேன். 'அடுத்து வர்றவன் எதை வச்சுப் பூட்டுவான்?' என்று ஊசி கேட்டார். இந்தப் பொட்டல்காட்டில் எவன் திருட வரப்போகிறான், பூட்டுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று நான் சொல்லிச் சிரித்தேன். பின்பக்கம் போய்க் கேரியரை மாட்டி, அடுத்த குலுக்கலுக்கும் கழலக் கூடாது என்று என் பலம் முழுவதும் கொடுத்து முறுக்கினேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, எங்கள் நிறுவனம் கொடுத்து வைத்தது என்று புகழ்ந்தார். உண்மையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கருவிப் பையை என் சைக்கிளிலேயே திரும்ப வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அதன் பிறகு சற்றுக் கண் அசந்தோம். வாத்தி இருமிக்கொண்டே எழுந்ததில்தான் விழித்தோம். வெளியே பார்த்தால் பாதை தெரியவில்லை, குழாய் தெரியவில்லை, கதவுக்கு நேர் எதிரே தரையே எழுந்து நிற்பது போலிருந்தது. நாங்கள் கதவைச் சாத்துவதற்குள் காற்று வந்து மோதியது. நான் பல இடங்களில் மணல் காற்றைப் பார்த்தவன் இல்லை, ஆகவே எவ்வளவு பலமாக இருந்தது என்று ஒப்பிட்டுச் சொல்லத் தெரியவில்லை. இரும்புக் கதவு காகிதம் போலத் திறந்து சுவரில் அடித்தது என்று மட்டும் சொல்ல முடியும். ஜாலியில் பாய்களைச் சுருட்டி அடைத்தோம். கதவை அடைக்க ஒன்றும் இல்லை. உள் தாழ்ப்பாள் மூலையில் கிடந்தது, அதன் போல்ட்டுகள் வெளியே கேரியரில் இருந்தன.

நானும் ஊசியும் மாப்பிள்ளையும் கதவுக்கு முதுகு கொடுத்துக் கால்களைத் தரையில் ஊன்றி நின்றோம். தரையெல்லாம் மணல் பரவியதால் கால் வழுக்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு வீச்சுக்கும் கதவு ஒரு முழம் திறக்கும், அதற்குள் உள்ளே கொட்ட வேண்டியது கொட்டிவிடும். வாத்தி எதிர்ச் சுவரோரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் மூச்சு மருந்தை இரண்டு மூன்று தடவை உறிஞ்சியும் அவருக்குக் கேட்கவில்லை. உதடு நிறம் மாறுவதை ஊசிதான் முதலில் கவனித்தார். 'இன்னும் கொஞ்ச நேரம் இந்தத் தூசி உள்ள வந்தா இவரக் காப்பாத்த என்கிட்ட எதுவும் இல்ல' என்றார். ஊசி சாதாரணமாக எதற்கும் பயப்படுகிறவர் அல்ல.

வெளித் தாழ்ப்பாளைப் போட்டால் கதவு நிற்கும் என்று சொன்னது நான். போடுகிறவர் வெளியில்தான் இருக்க வேண்டும். அறைக்குப் பின்பக்கம் காற்று மறைவு, சைக்கிளில் கூடாரத் துணி இருக்கிறது, அதைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தால் அரை மணியோ ஒரு மணியோ ஓட்டிவிடலாம், காற்று அடங்கியதும் திறந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். சாவு என்கிற பேச்சே யாருக்கும் வரவில்லை. மழையில் நனைந்துகொண்டு போய்க் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வருகிற மாதிரி ஒரு வேலை என்றுதான் நினைத்தோம்.

யார் போவது என்று யாரும் கேட்கவில்லை. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஊசி வாத்தியை விட்டு வர முடியாது. கதவு இன்னொரு தடவை திறந்து மூடியது. அப்போது மாப்பிள்ளை என் காதோடு, 'சரிடா மச்சான், உன் கணக்கே கணக்கு. இன்னைக்கு என் முறைதான்' என்றார். அந்த நேரத்திலும், அத்தனை மணலுக்கு நடுவிலும், சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. இதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எழுதச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து வெளியேறினார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும், முடியாத நிலையிலும் எழுந்து வந்த வாத்தியும், கதவை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தோம். அப்படித் தள்ளிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் சட்டத்துக்குள் போகும். போனது. அவர் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார், நாங்கள் கையை எடுத்தோம், கதவு அசையவில்லை. உள்ளே கொட்டுவது நின்றது. சற்று நேரத்தில் பின்சுவரில் கல்லால் தட்டும் சத்தம் கேட்டது. நாங்களும் திருப்பித் தட்டினோம். வாத்தியின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது.

இங்கே என் தொழில் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டால் அங்கே போய் வெளியிலிருந்து நான் சொல்கிற முதல் வார்த்தை, கதவில் யாரும் கை வைக்காதீர்கள் என்பதுதான். உள்ளே இருப்பவர்கள் பதறிக் கதவை நெம்பப் போய் விழுந்து செத்திருக்கிறார்கள். எத்தனையோ பேரை நான் வெளியில் எடுத்திருக்கிறேன், பயந்து அழுதவர்களைப் பற்றி வீட்டில் வந்து நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். நான் உள்ளே இருந்தது அதுதான் முதல் தடவை. வெளித் தாழ்ப்பாள் பழசு, பிடித்திருக்கும்வரை தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆகவே ஊசியையும் வாத்தியையும் எதிர்ச் சுவரோரம் உட்கார வைத்து, கதவில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். இருவரும் சரி என்றார்கள். கதவு விஷயத்தில் நான் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

அரை மணி என்று நினைத்தது முடியவில்லை. ஜாலி அடைபட்டதால் உள்ளே வெளிச்சம் போய்விட்டது. வாத்தியின் பேட்டரி விளக்கு ஒன்றுதான், அதையும் அணைத்து அணைத்துப் போட்டோம். காற்று கனமாகி, மூன்று பேர் வியர்வையும் பழைய இரும்பு நாற்றமும் சேர்ந்து குமட்டியது. ஒன்றுக்கு ஒரு காலி டப்பா வைத்துக்கொண்டோம். கையை நீட்டினால் சுவர், காலை நீட்டினால் இன்னொருவர் கால். நான் கூரையைத் தட்டிப் பார்த்தேன், தரையைக் காலால் சுரண்டிப் பார்த்தேன், பிறகு எனக்கே வெட்கமாக இருந்ததால் உட்கார்ந்தேன். எங்களிடம் தண்ணீர் நிறைய இருந்தது. வெளியே அவரிடம் ஒரு பாட்டில்தான் என்று ஊசி சொன்னார்.

பின்சுவர்த் தட்டல் ஆரம்பத்தில் அடிக்கடி வந்தது, பிறகு இடைவெளி விட்டு வந்தது, பிறகு நின்றது. நான் தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. தூங்கியிருப்பார், அவர் எங்கே படுத்தாலும் தூங்குகிற ஆள் என்று சொன்னேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

அதன் பிறகு கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. காற்றின் இரைச்சலில் தெளிவாக இல்லை. கொஞ்சம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். ஊசி தலையைத் தூக்கி, யாரோ தட்டுவது மாதிரி இருக்கிறது என்றார். காற்றில் தாழ்ப்பாள் ஆடுகிறது என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 'காத்து இப்படி விட்டு விட்டுத் தட்டாதுடா' என்றார். வெளியே இருக்கிறவருக்கு உள்ளே வர வேண்டுமானால் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்துவிடலாமே, தாழ்ப்பாள் அவர் பக்கத்தில்தானே இருக்கிறது, எதற்குத் தட்ட வேண்டும் என்று நான் கேட்டேன். அது அவருக்கும் நியாயமாகப் பட்டது. இருந்தாலும் எழுந்து கதவுப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். 'நான் கதவு வேலை பாக்குறவன். எனக்குத் தெரியும்' என்றேன். சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை.

மறுநாள் விடிந்ததும் காற்று அடங்கியிருந்தது. ஜாலியில் இருந்து பாயை எடுத்தோம், வெளிச்சம் விழுந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டோம். மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். கதவை இழுத்தோம், வரவில்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. வாத்தி என் தோளில் ஏறி ஜாலி வழியாகப் பார்த்ததில் மணலும் வானமும்தான் தெரிந்தது. மாட்டிக்கொண்டவர்கள் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் நான் செய்தேன். கீலை நகத்தால் பிடித்து இழுத்தேன். கழற்றிப் போட்ட உள் தாழ்ப்பாளை எடுத்து அதாலேயே சுவரைக் கொத்தினேன், நாலு பொட்டுச் சிமெண்ட்தான் உதிர்ந்தது. கடைசியில் கதவைக் காலால் உதைத்துக்கொண்டே அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், எங்களைப் பூட்டி வைத்துவிட்டு அவர் மட்டும் ஊருக்குப் போய்விட்டார் என்று திட்டினேன். அப்படிப் போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

மதியம் போலத் தண்ணீர் லாரி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. மணலுக்கு வெளியே சைக்கிள் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஓட்டுநர் நிறுத்தியிருக்கிறார். எங்கள் கூச்சல் கேட்டு வந்து, கதவு முன்னால் இடுப்பளவு மணல் குவிந்திருக்கிறது, கூடாரத் துணியும் மூட்டையுமாக ஏதோ அதில் புதைந்து கிடக்கிறது என்று சொன்னார். பக்கவாட்டில் நின்று தாழ்ப்பாளை இழுத்தார், வரவில்லை. ஸ்பானரால் அடித்தும் பார்த்தார், வரவில்லை. அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'மணலு கதவ உள்ளாற அமுக்குது, அதான் தாப்பா புடிச்சுக்கிச்சு. உள்ள இருந்து என் பக்கமாத் தள்ளுங்கய்யா, தன்னால வரும்.' மூன்று பேரும் கதவில் கை வைத்துத் தள்ளினோம். ஒரே இழுப்பில் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

கதவின் மேல் அழுத்தம் இருந்தால் தாழ்ப்பாள் பிடித்துக்கொள்ளும், அழுத்தத்தை எடுத்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லிக் கொடுப்பது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். முந்தின நாள் அதே கதவை நாங்கள் தள்ளிப் பிடித்ததால்தான் அவரால் தாழ்ப்பாள் போடவே முடிந்தது. அத்தனை நேரம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. பூட்டினவரால் திறக்க முடியாது என்பது என் புத்தியில் படவே இல்லை.

தாழ்ப்பாள் விடுபட்டதும் கதவு உள்பக்கம் திறந்தது, மணல் சரிந்தது, அதோடு மாப்பிள்ளையும் உள்ளே வந்து விழுந்தார். கூடாரத் துணி அவர் தோளில் சுற்றியிருந்தது. கதவில் சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே இருந்திருக்கிறார். ஊசி மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டு நாடி பார்த்தார், மார்பில் அழுத்தினார், வெகுநேரம் விடாமல் அழுத்தினார். லாரி ஓட்டுநர்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மாப்பிள்ளையின் வலது கை விரல்களில் நகம் பிய்ந்திருந்தது. தாழ்ப்பாளில் இரத்தக் கறை இருந்ததை நானும் பார்த்தேன்.

லாரியிலேயே ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். மூச்சுக்குழாயில் மணல் அடைத்து இறந்ததாக மருத்துவர் சொன்னார். தங்கை வருவதற்கு முன் தாழ்வாரத்தில் வாத்தி என்னையும் ஊசியையும் உட்கார வைத்து, அவராகத்தான் போனார், அது உண்மை, அதை மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்வோம், கதவில் கேட்ட சத்தத்தை எதற்கு இழுக்க வேண்டும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாத்தியைக் காப்பாற்றத்தான் கதவைப் பூட்டினோம் என்பதால் அவருக்கும் தூக்கம் போய்விட்டது. ஊசி, தன் சட்டையைப் பிடித்து இழுத்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்றேன்.

அதன் பிறகு தங்கை வந்தாள், பார்த்தாள். அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு, 'யாருண்ணா அவர வெளிய அனுப்பினது?' என்று கேட்டாள். அவராகத்தான் போனார் அம்மா என்று வாத்தி சொன்னார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தபடியே நின்றாள். நான் ஆமாம் என்றேன். அன்று சாயங்காலமே இங்கே வந்து, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தன் கணவரை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டோம் என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதில் எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. கதவு உள்ளிருந்து பூட்டப்படவில்லை என்பது சம்பவ இடத்தைப் பார்த்த தங்களுக்கே தெரியும்.

இன்று விசாரணையில் உதவி ஆய்வாளர் அவர்கள் ஒரு பிளாஸ்டிக் உறையைக் காட்டி, இது என்ன என்று தெரிகிறதா என்று கேட்டார். இறந்தவருடைய கால்சட்டைப் பையில் எடுத்தது என்றார். அதில் இரண்டு போல்ட்டும் இரண்டு நட்டும் இருந்தன. அவை நான் உள் தாழ்ப்பாளில் இருந்து கழற்றிக் கேரியரில் மாட்டியவை என்று அடையாளம் சொன்னேன். அந்தக் காற்றில், என் சைக்கிளில் இருந்து ஸ்பானரைத் தேடி எடுத்து, நான் பலம் கொடுத்து முறுக்கிய நட்டுகளை அவர் கழற்றியிருக்கிறார். உள்ளே வந்து தாழ்ப்பாளை மாட்டிவிட்டால் நான்கு பேரும் ஒரே அறையில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரிதான். எங்கள் பக்கம் இருந்து ஒரு தள்ளு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் தட்டியிருக்கிறார். உறையைப் பார்த்த பிறகு வாத்தியிடம் சொன்ன 'சரி'யை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஊசி எழுந்து போனார், நான்தான் இழுத்து உட்கார வைத்தேன் என்பதால் ஊசி மேல் தவறு இல்லை. வாத்திக்கும் இதில் பங்கு இல்லை.

அவரை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்ற கேள்விக்கு, இல்லை, தன் முறை என்று சொல்லிவிட்டுப் போனார் என்று பதில் சொல்கிறேன். உண்மையில் யார் முறை என்று கேட்டதற்கு, ஓய்வு நாளைச் சேர்த்தால் அன்றைக்கு என் முறை, சேர்க்காவிட்டால் அவருடையது. இப்போது யாராவது என்னைக் கேட்டால் சேர்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

என்னைக் கைது செய்யவில்லை, விசாரணை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிவிக்கப்பட்டது. இந்த அறைக்கு ஒரே ஒரு கதவுதான், அதற்கு வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். எனக்கு வெளியே போகப் பயமாக இருக்கிறது. நான் போவதற்கு முன்னால் இதை அவளுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். அதற்கு உதவி ஆய்வாளர் அவர்கள் சம்மதித்தார்.

எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். கதவுப் பக்கம் சத்தம் கேட்டது பற்றிச் சொன்ன இடத்தில், காற்றில் தாழ்ப்பாள் ஆடுகிறது என்றேன் என்று வருகிறது. அதை அடித்துவிடச் சொன்னேன். அன்று நான் சொன்னது அதுதான் என்பதால் அடிக்க முடியாது, வேண்டுமானால் கீழே சேர்க்கலாம் என்றார்கள். ஆகவே சேர்க்கிறேன். அது காற்று இல்லை. என் தங்கை கணவர் தட்டினார்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும்தான், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு, கடைசியாகச் சேர்த்த வரிகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் இங்கே ஒன்றுமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்